பறித்துச் சென்றார்கள் என்றுதான் முதலில் தட்டினேன்

தமிழ்நாடு காவல்துறைத் தலைமை இயக்குநருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். சென்னைப் புறநகரில் ஒரு காவல் நிலையத்துக்கு எதிர்ச்சாரியில் பதினேழு வருடமாக ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. எழுதினால் ஒரு ரைட்டருக்கும் இரண்டு ஏட்டுகளுக்கும் மெமோ போகும், அதோடு கதை முடிந்துவிடும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஜெராக்ஸ் எடுத்தால் காசு கொடுத்துவிட்டுத்தான் போகிறார்கள். அது எல்லா ஊரிலும் நடக்கிற காரியம் இல்லை என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

ஜெராக்ஸ், லேமினேஷன், பட்டா சிட்டா பிரிண்ட் எல்லாம் உண்டு. ஆனால் கடையின் சோறு மனு தட்டுவதில்தான். அனுப்புநர், பெறுநர், பொருள், "ஐயா, நான் மேற்கண்ட முகவரியில் வசித்து வருகிறேன்." இந்த வரி என் விரல்களுக்கு மனப்பாடம். பக்கத்துக்கு முப்பது ரூபாய். அழுதுகொண்டு வருகிறவர்களிடம் சில நாள் வாங்குவதில்லை. வாங்குகிற நாளும் உண்டு, கடை வாடகை இருக்கிறதே.

போன ஆடி மாதம் ஒரு அக்கா வந்தார். ஐம்பது வயதிருக்கும், இரண்டு வீட்டில் சமையல் வேலை. முதல் நாள் இரவு ஏழரை மணிக்குப் பஸ் ஸ்டாப்பில் நின்று மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பைக்கில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையோடு சேர்த்துப் போனை இழுத்ததில் கீழே விழுந்திருக்கிறார். பதிமூன்றாயிரம் ரூபாய் போன், தவணை இன்னும் நான்கு மாதம் பாக்கி. முழங்கையில் தோல் வழண்டு, மஞ்சள் பற்றுப் போட்டிருந்தார். "அடையாளம் தெரியாத இரண்டு நபர்கள் என்னைக் கீழே தள்ளிவிட்டு என் கைப்பேசியைப் பறித்துச் சென்றார்கள்" என்று தட்டிக் கொடுத்தேன். சாலையைக் கடந்து உள்ளே போனார்.

இருபது நிமிடத்தில் திரும்பி வந்தார். "தம்பி, பறிச்சிட்டுப் போனாங்கன்னு வேணாமாம். தவறவிட்டுட்டேன்னு மாத்தி வாங்கிட்டு வரச் சொன்னாங்க. அப்பதான் உடனே சிஎஸ்ஆர் போட்டுத் தருவாங்களாம். சிம் வாங்கணும்ல?"

சிஎஸ்ஆர் என்பது மனுவை வாங்கிக்கொண்டதற்கு ஸ்டேஷன் தருகிற ரசீது, எஃப்ஐஆர் இல்லை. மாற்றினேன். "பேருந்து நிறுத்தத்தில் எதிர்பாராதவிதமாகத் தவறவிட்டுவிட்டேன். கண்டுபிடித்துத் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." கீழே விழுந்ததை எடுத்துவிட்டேன். முழங்கையையும் எடுத்துவிட்டேன். தொலைத்தவருக்கு எப்படிக் காயம் வரும்? இரண்டாவது பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. அது தர்மம் ஒன்றும் இல்லை, எனக்கே கூச்சமாக இருந்தது.

இந்த மாதிரி இந்த விரல்கள் மாற்றிய மனுக்களுக்குக் கணக்கு வைக்கவில்லை. வைத்திருந்தால் உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கலாம்.

ஏன் இதை இப்போது எழுதுகிறேன் என்றால், குற்றம் கூடிவிட்டதா இல்லையா என்ற சண்டை ஓயவே மாட்டேன் என்கிறது. சட்டமன்றத்தில் ஒரு பக்கம் "சட்டம் ஒழுங்கு சந்தி சிரிக்கிறது" என்பார்கள். மறுபக்கம் புள்ளிவிவரத்தை எடுத்து வாசிப்பார்கள். ஆட்சி மாறினால் வசனங்கள் இடம் மாறும், அவ்வளவுதான். நடுவில் ஜனங்கள் இருக்கிறார்கள். அவர்கள் புள்ளிவிவரத்தை நம்புவதில்லை. அதற்கு அவர்களின் அறியாமையையும் தொலைக்காட்சியையும் வாட்ஸ்அப்பையும் காரணம் சொல்லிவிட்டு உங்கள் துறை நகர்ந்துவிடுகிறது. பாதி நியாயம் அதில் உண்டு. அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கொலைக் கணக்கைப் பொறுத்தவரை உங்கள் பக்கம்தான் உண்மை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2019-ல் 1,745 கொலைகள், 2022-ல் 1,690, 2024-ல் 1,540 என்று கணக்கு சொல்கிறது. நாடு முழுக்க எடுத்தால் 1992-ல் 40,000-ஐ ஒட்டி இருந்தது 2022-ல் 28,522. இந்த முப்பது வருடத்தில் ஜனத்தொகை எங்கே போய் நிற்கிறது என்று யோசித்தால் இறக்கம் இன்னும் பெரிது. பிணத்தைத் "தவறவிட்டேன்" என்று யாரும் மாற்றி எழுத முடியாது. அதனால் கொலைக் கணக்கை நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022-ல் நாட்டில் நடந்த அந்த 28,522 கொலைகளில் 9,962 தகராறில் நடந்தவை, 3,761 சொந்தப் பகையில். பணம் காசுக்காக நடந்தவை 1,884. வரப்புத் தகராறு, வாய்த் தகராறு, சாராயத் தகராறு. ஆள் யாரென்று தெரியாதவன் இருட்டில் வந்து வெட்டுவான் என்றுதான் நாம் பயந்து கதவைத் தாழ்போடுகிறோம். வெட்டுகிறவனோ பெரும்பாலும் பெயர் தெரிந்தவன்.

இந்தப் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், என் கடை டிவியிலிருந்தும்தான். அப்பா காலத்தில் டீக்கடையில் ஒரு பேப்பர். "சதக் சதக் என்று குத்தினான்" என்று ஒருவர் வாசிப்பார், நாலு பேர் உச்சுக் கொட்டுவார்கள், டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும். இப்போது தெருவுக்குத் தெரு கேமரா. மூன்றாவது கண் என்று சென்னையில் உங்கள் துறையே முன்னின்று வைக்கச் சொன்னது. நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கண் பார்த்ததையெல்லாம் இப்போது நாங்களும் பார்க்கிறோம். ஒரு வெட்டு, சிவப்பு வட்டம் போட்டு, மெதுவாக ஓட்டி, பின்னணியில் டமார் என்று இசை வைத்து, காலை ஆறிலிருந்து இரவு பத்து வரை. திருநெல்வேலியில் நடந்த ஒரு கொலை என் கடையில் மட்டும் முப்பது தடவை நடக்கிறது. பார்க்கிற பெரியவர் மனத்தில் அது ஒரு கொலையாகவா பதியும்?

2024 ஜூலை 5-ம் தேதி பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்களே, அந்த வாரம் என் கடைக்கு வந்தவர்களில் அதைப் பேசாதவர் கிடையாது. ஒரு கட்சித் தலைவரையே வீட்டு வாசலில் வெட்டுகிறார்கள், நாமெல்லாம் எம்மாத்திரம் என்றார்கள். அந்த வருடக் கொலைக் கணக்குதான் 1,540 என்று குறைந்தது. இரண்டும் உண்மை. ஆனால் மனிதன் ஒன்றைத்தான் ஞாபகத்தில் வைத்துக்கொள்வான்.

சரி, பாதி நியாயம் ஆயிற்று. மீதிப் பாதிக்கு வருகிறேன்.

அந்தச் சமையல்கார அக்காவுக்குக் கொலைக் கணக்கை வைத்து என்ன ஆகப்போகிறது? அவருக்கு வேண்டியது பஸ் ஸ்டாப்பில் போன் பேச முடியுமா, கழுத்தில் இருக்கிற ஒன்றரைப் பவுன் நிற்குமா, மகள் டியூஷன் முடிந்து அந்த எரியாத தெருவிளக்கைத் தாண்டி வந்துவிடுவாளா என்பதுதான். இந்தச் சின்னக் கணக்கில்தான் உங்கள் எண்கள் பொய் சொல்கின்றன. அந்தப் பொய்யைத் தட்டுகிறவன் நான்.

இதில் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறேன். பைக் திருட்டு மனுவை யாரும் மாற்றச் சொல்வதில்லை. ஏனென்றால் இன்சூரன்ஸ்காரன் எஃப்ஐஆர் இல்லாமல் பைசா தரமாட்டான். வண்டிக்காரரும் விடாமல் நிலையத்தைச் சுற்றி வருவார். போனுக்கு அப்படி இல்லை. டூப்ளிகேட் சிம் வாங்கவும், மத்திய அரசு தளத்தில் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்துப் போனை முடக்கவும் ஒரு சிஎஸ்ஆர் நகல் போதும். அதனால் தொலைந்தது என்று சொல்லிவிட்டால் இரண்டு பக்கமும் வேலை சுலபம். அவருக்கு அன்றைக்கே ரசீது. நிலையத்துக்கு ஒரு கேஸ் மிச்சம். ஆக, வண்டித் திருட்டுக் கணக்கு ஓரளவுக்கு உண்மை, போன் பறிப்புக் கணக்கு கற்பனை. ஒரே தெருவில், ஒரே ராத்திரியில், ஒரே பையன்கள் செய்திருந்தால்கூட.

இது என் கடையின் அனுபவம் மட்டும் என்று தள்ளிவிட வேண்டாம். 2017-ல் ஐடிஎஃப்சி இன்ஸ்டிட்யூட் என்ற ஆய்வு நிறுவனம் டெல்லி, மும்பை, சென்னை, பெங்களூரு நகரங்களில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் கேட்டு எழுதிய ஆய்வும், திருட்டுக்கு ஆளானவர்களில் பெரும்பாலானோர் எஃப்ஐஆர் வரை போவதில்லை என்றுதான் சொன்னது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகமே தன் வருடாந்தர அறிக்கையில், வழக்குப் பதிவு கூடுவது வேறு, குற்றம் கூடுவது வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று எச்சரிக்கிறது. அந்த எச்சரிக்கையைத் திருப்பிப் போட்டும் படிக்கலாம் அல்லவா? பதிவு குறைந்தால் குற்றம் குறைந்ததாகவும் ஆகாது.

2020 நினைவிருக்கிறதா? அந்த வருடம் நாட்டில் பதிவான வழக்குகள் 28 சதவீதம் எகிறி 66 லட்சத்தைத் தாண்டின. தமிழ்நாட்டில் இபிகோ வழக்குகள் ஒரே வருடத்தில் 1.68 லட்சத்திலிருந்து 8.91 லட்சமாகின. ஊரே கதவடைத்துக் கிடந்த வருடம், திருடனே மாஸ்க் தேடி அலைந்த வருடம். அப்புறம் பார்த்தால் அதில் பெரும்பங்கு ஊரடங்கை மீறிக் காய்கறி வாங்கப் போனவர்கள்மேல், அரசு உத்தரவை மீறியதாக 188-வது பிரிவில் போட்ட வழக்குகள். என் மச்சான்மேலும் ஒன்று இருந்தது. பால் பாக்கெட் வாங்கப் போனவன் அந்த வருடத்துக் குற்றவாளிகளில் ஒருவன். பால் பாக்கெட்டுக்கு அவ்வளவு சுறுசுறுப்பாக எஃப்ஐஆர் எழுதத் தெரிந்த பேனா, பறித்த போனுக்கு மட்டும் ஏன் எழுத மாட்டேன் என்கிறது?

பதில் எனக்கே தெரியும். எதிர்ச்சாரியில் பதினேழு வருடம் இருந்தால் தெரியாமல் போகுமா. மாதா மாதம் கிரைம் மீட்டிங். எந்த ஸ்டேஷனில் எத்தனை பறிப்பு, எத்தனை கண்டுபிடிப்பு என்று பெரியவர்கள் வரிசையாகக் கேட்பார்கள். எண் கூடினால் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டே திட்டு வாங்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாத பறிப்பைப் பதிவு செய்கிறவன் முட்டாள், தொலைந்ததாக எழுதி வாங்குகிறவன் சாமர்த்தியசாலி. நீங்கள் வைத்த பரீட்சை அப்படி. ஒரு முறை ஒரு ஏட்டய்யா என் கடையில் உட்கார்ந்து பொரி சாப்பிட்டபடி சொன்னார்: "நாங்க என்னப்பா பண்றது, கேஸ் போட்டா திருடன் கிடைக்கிறானோ இல்லையோ, சார்ஜ் மெமோ கிடைச்சிடும்."

சட்டத்தை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், புலன்கொள் குற்றம், அதாவது வாரண்ட் இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய குற்றம் என்று தகவல் வந்தால் எஃப்ஐஆர் போட்டே ஆகவேண்டும் என்று தீர்ப்பு எழுதினார்கள். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய சட்டத்தில் இன்னும் ஒரு படி மேலே. பழைய இபிகோவில் பறிப்பு என்று தனியாக ஒரு குற்றமே கிடையாது. திருட்டிலோ வழிப்பறியிலோ தள்ளுவார்கள். புதிய சட்டமான பிஎன்எஸ்ஸின் (பாரதிய நியாய சன்ஹிதா) 304-வது பிரிவு முதல் தடவையாக அதற்குத் தனி இடம் கொடுத்தது, மூன்று வருடம் வரை சிறை. நூற்று அறுபது வருடம் கழித்து அந்தச் சொல் சட்டப் புத்தகத்துக்குள் ஏறியிருக்கிறது. என் கம்ப்யூட்டரில் பேக்ஸ்பேஸ் தட்டி அதை அழித்துக்கொண்டிருக்கிறேன்.

காரணம் என்ன என்று பேச்சு வந்தால் என் கடை வாசல் ஒரு பட்டிமன்றம். கஞ்சா என்பார் ஒருவர். டாஸ்மாக் என்பார் இன்னொருவர். சினிமா, செல்போன், வளர்ப்பு சரியில்லை, வாத்தியார் அடிப்பதில்லை. டாஸ்மாக்கைப் பற்றி என் கருத்து எளிது: நான் தட்டுகிற அடிதடி மனுக்களில் "குடித்துவிட்டு வந்து" என்ற சொற்கள் வராத மனு அபூர்வம். கஞ்சா உண்டு, மூன்று தெரு தள்ளி எங்கே கைமாறுகிறது என்று எங்கள் பகுதிச் சின்னப் பையனுக்கும் தெரியும், உங்கள் ஆட்களுக்கும் தெரியும். அதை எழுதி மனுக் கொடுக்கத்தான் யாருக்கும் தைரியம் இல்லை. மனுக் கொடுத்தவர் பெயர் சாயந்திரத்துக்குள் அந்த மூன்றாவது தெருவுக்குப் போய்விடும் என்று நம்புகிறார்கள். போகாது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை.

ஆனால் எல்லாப் பேச்சும் கடைசியில் வந்து நிற்கிற இடம் வேறு. "எல்லாம் இந்த வடக்கன் வந்ததிலேருந்துதான்." இதைச் சொல்கிறவர் வீட்டில் டைல்ஸ் ஒட்டினவன் அவன்தான், அவர் சாப்பிடுகிற ஓட்டலில் பரோட்டா மாவு பிசைகிறவனும் அவன்தான். 2025 மார்ச் 25-ம் தேதி காலையில் சென்னையில் அடுத்தடுத்து சங்கிலிப் பறிப்பு நடந்து, வெளிமாநில ஆட்கள் விமான நிலையத்தில் பிடிபட்டபோது இந்தப் பேச்சுக்கு ஒரு வருடத்துக்குத் தேவையான தீனி கிடைத்தது. விமானத்தில் வந்து பறிக்கிறவனும் பன்னிரண்டு மணி நேரம் சென்ட்ரிங் பலகை தூக்குகிறவனும் ஒரே ஆளா? இந்தக் கேள்வியைக் கேட்டால் என்னை மேலும் கீழும் பார்க்கிறார்கள்.

இந்தச் சந்தேகம் எங்கே கொண்டுபோய் விடும் என்று நாம் பார்த்திருக்கிறோம். 2018 மே மாதம் குழந்தை கடத்த வடக்கிலிருந்து கும்பல் வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஆடியோவும் வீடியோவும் பறந்தன. திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் குலதெய்வம் கும்பிடப் போன சென்னைக் குடும்பம் வழி கேட்க நின்றது. பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததைப் பார்த்து ஊரே திரண்டு அடித்தது. 65 வயதுப் பெண் செத்துப்போனார். அவர் வடக்கும் இல்லை, கடத்தலும் இல்லை. அதே வாரம் பழவேற்காட்டில் ஒருவரை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். குற்றம் பெருகிவிட்டது என்ற பயமே போய்க் குற்றம் செய்த வாரம் அது. 2023 மார்ச்சில் அதுவே தலைகீழாக வந்தது: தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் அங்கே பரவி, இங்கே ரயில் நிலையங்களில் கூட்டம் கூடியது. அந்த முறை உங்கள் துறை உடனே பேசியது, இந்தியிலேயே பேசியது, வழக்குப் போட்டது. மனதாரப் பாராட்டினேன்.

அது ஏன் வேலை செய்தது என்று யோசித்துப் பாருங்கள் ஐயா. எந்த வீடியோ எந்த ஊரில் எப்போது எடுத்தது என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். "வதந்திகளை நம்பாதீர்கள்" என்று பொதுப்படையாக ஒரு அறிக்கை விட்டிருந்தால் ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். எங்கள் பகுதிக்கு அந்த மாதிரி என்றைக்காவது யாராவது பேசியிருக்கிறார்களா? இந்த மாதம் இந்த நிலைய எல்லையில் இத்தனை பறிப்பு, இந்த இந்தத் தெருவில், இத்தனை பிடிபட்டது, இத்தனை பிடிபடவில்லை என்று நிலைய வாசல் பலகையில் ஒரு தாள் ஒட்டினால் என்ன? ஜெராக்ஸ் நான் இலவசமாக எடுத்துத் தருகிறேன். அது இல்லாத இடத்தைத்தான் குடியிருப்போர் குழு வாட்ஸ்அப் நிரப்புகிறது. போன மாதம் எங்கள் குழுவில் வந்த "நம்ம ஏரியா" கொள்ளை வீடியோ எந்த மாநிலத்தில் எடுத்தது என்றே தெரியவில்லை. பின்னால் தெரிந்த கடைப் பலகையில் தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

உண்மையாகவே கூடிக்கொண்டு போகிற குற்றம் ஒன்று இருக்கிறது. அதைக் கண்டுதான் யாரும் பயப்படவில்லை. இணையக் குற்ற வழக்குகள் நாட்டில் 2021-ல் 52,974, 2022-ல் 65,893, 2023-ல் 86,420. அதற்கு சிவப்பு வட்டம் போட வீடியோ இல்லை. போன கார்த்திகையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்து மெதுவாகக் கதவைச் சாத்திவிட்டு, போலீஸ் என்று சொல்லி வீடியோ காலில் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று மிரட்டி ஆறு லட்சம் பறித்ததைச் சொன்னார். மனைவிக்குக்கூடத் தெரியாதாம். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு நான்தான் போன் போட்டுக் கொடுத்தேன். ஏமாந்துவிட்டோமே என்ற வெட்கத்தில் அவர் மனுவில் பாதியை அவரே மறைத்தார். இங்கே அழிக்கச் சொல்ல ஸ்டேஷன்கூடத் தேவைப்படவில்லை.

பெண்கள் கொடுக்கிற மனுவைப் பற்றி ஒரே ஒரு விஷயம். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் மாணவிக்கு நடந்த கொடுமையில் எஃப்ஐஆரே வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டது, சிறப்புக் குழு விசாரித்தது, ஐந்தே மாதத்தில் 2025 ஜூனில் தண்டனையும் வந்தது. வேகத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் அதற்குப் பிறகு ஒரு அம்மா தன் மகளைப் பின்தொடர்கிற பையனைப் பற்றி மனுத் தட்ட வந்து, பாதியில் எழுந்து, "வேணாங்க, பேரு வெளிய வந்துடும்" என்று போய்விட்டார். அதுவும் உங்கள் கணக்கில் ஒரு குறைவுதான்.

அந்த மார்ச் 25-ம் தேதிக்கு மறுபடி வருகிறேன். கேமராக் காட்சிகளைப் பிடித்து, விமானம் கிளம்புவதற்குள் ஆளைப் பிடித்தீர்கள். மறுநாள் விடிவதற்குள் ஒருவர் போலீஸ் சுட்டு இறந்தார் என்று செய்தி வந்தது. என் கடை வாசலில் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. நான் தட்டாததற்குக் காரணம் பெரிய மனித உரிமைக் கொள்கை மட்டும் இல்லை. ஆறு மணி நேரத்தில் இவ்வளவு செய்ய முடிகிற துறை, சமையல்கார அக்கா விழுந்த பஸ் ஸ்டாப்பில் இருக்கிற கேமராவை ஒரு தரம் போய்ப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, அவர்தான் தொலைத்துவிட்டாரே.

எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. கிரைம் மீட்டிங்கில் இன்ஸ்பெக்டரைக் கேட்கிற கேள்வியை மாற்றுங்கள். எத்தனை கேஸ் கூடிவிட்டது என்று கேட்பதை விட்டுவிட்டு, வந்த மனுவில் எத்தனையைக் கேஸாக்காமல் விட்டாய் என்று கேளுங்கள். "தொலைந்தது" என்று போன சிஎஸ்ஆர்களில் பத்தை எடுத்து, உங்கள் அலுவலகத்திலிருந்தே அந்தப் பத்துப் பேருக்கும் போன் போட்டு, "அம்மா, உண்மையில் என்ன நடந்தது?" என்று கேட்கச் சொல்லுங்கள். முதல் வருடம் எண்கள் தாறுமாறாக ஏறும். எதிர்க்கட்சி சும்மா விடாது, டிவியில் எட்டு மணிக்கு நாலு பேர் கத்துவார்கள். டெல்லியில் 2015-ல் வண்டித் திருட்டுக்கு ஆன்லைன் எஃப்ஐஆர் கொண்டுவந்தபோதும் எண் ஏறத்தான் செய்தது. ஏறட்டும். அந்த அக்கா சொல்கிற எண்ணும் நீங்கள் சொல்கிற எண்ணும் அப்போதாவது ஒன்றாக இருக்கும்.

அவர் இப்போதெல்லாம் பஸ் ஸ்டாப்பில் போன் எடுப்பதில்லை. புது போனைத் துணிப்பைக்குள் அரிசிப் பொட்டலத்துக்கு அடியில் வைத்திருக்கிறார். மகள் கூப்பிட்டால் பை மட்டும் அதிர்கிறது.

இதோடு நிறுத்திக்கொள்கிறேன். வாசலில் ஒரு தம்பி மனுத் தட்ட நிற்கிறார். என்னவென்று கேட்டேன். பைக்காம். பைக் என்றால் பிரச்சினை இல்லை, ஒரு தடவை தட்டினால் போதும்.

இப்படிக்கு,
எதிர்ச்சாரி ஜெராக்ஸ் கடைக்காரன்